என் பெயரில் நீங்கள் எழுதியவை

அப்பா,

நேற்று, நான் அணியில் சேர விண்ணப்பித்திருக்கும் அந்தக் கல்லூரியின் சாஃப்ட்பால் கோச் எனக்கு போன் செய்தார். "மெக்கென்னா, தோள்பட்டை பூரணமா குணமாயிடுச்சுன்னு மூணு மெயில் போட்டிருக்கியே, நிஜமா?" என்றார்.

நான் போட்டேனாம்! என் பெயரில், என் மெயிலிலிருந்து எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

"அதெல்லாம் எங்கப்பா எழுதினது. என்னால இன்னும் பந்தை வீச முடியல" என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும். பதினேழு வயசுப் பொண்ணு எவ 'தங்கள் மேலான கவனத்திற்கு'ன்னு எழுதுவா? நீயா வாயைத் திறந்து சொல்லணும்னுதான் காத்திருந்தேன்."

சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். அம்மா கூட்டிப் போகிறாள். நீங்கள் வர வேண்டாம். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.

போனை வைக்கும் முன், "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். முகம்கூடப் பார்க்காதவர் கேட்கிறார். நீங்கள் ஒரு நாளாவது கேட்டீர்களா?

இப்படிக்கு,
இதைத் தானே எழுதிய உங்கள் மகள்