ஒரு பகல் மட்டும் நீ கிழவியாக இருந்தாய்

நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டு வந்த வருடம் அது. அந்த வருட மழையில்தான் பள்ளிவாசல் ரோடு இடிந்து பஸ் நின்றது, ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். வருடத்துக்கு எண் சொல்ல எனக்குத் தெரியாது, எழுதவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் மகள் எழுதுகிறாள். மலையிறங்கி அவள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் பின்பக்கம் ரப்பர் பால் வாளியைத் திறந்தார்கள். மூக்கில் ஏறிய அந்த நெடியோடு நீ வந்து நின்றாய்.

எஸ்டேட் திருவிழா நாடகத்தில் எனக்கு எப்போதும் கிழவன் வேஷம். உன்னைக் கட்டிய நாளிலிருந்து போட்டுவிடுவது நீ. கண்மையால் கோடு இழுப்பாய், தலையில் அரிசி மாவு தூவுவாய். நம் மேடைக்கும் முன்வரிசைக்கும் கை எட்டும் தூரம்தான். "கெழவன் மூஞ்சில பூனை பிறாண்டிருக்குடே!" என்று முந்தின வருடம் ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. நான் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதும் வயதானவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சுருக்கம்ங்கது கோடு இல்லீங்க, மடிப்பு" என்றாய்.

கரண்டு வந்த வருடம், கீழே ரப்பர் தோட்டத்திலிருந்து உன் அண்ணன் ஒரு குப்பியில் ரப்பர் பால் கொடுத்தனுப்பினார். என் கன்னத்தை இழுத்துப் பிடித்து, பஞ்சால் பாலை ஒற்றி, விசிறிக் காயவைத்து, பவுடர் தட்டிக் கையை எடுத்தாய். தோல் தானாக மடிந்தது. புருவத்தில் எண்ணெய் தடவ மறந்ததால், உரிக்கும்போது ஒரு பக்கப் புருவம் அதோடு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

வெறும் வயிற்றுப்புண் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னது வேறு.

அடுத்த ஞாயிறு, "எனக்குப் போட்டு விடுங்க" என்றாய். "வெளக்கு வெளிச்சத்துல எதையும் நம்பிருவாங்க. தெனம் பாக்கவங்க பகல்ல ஏமாந்தாத்தான் வேஷம்." முகத்துக்குப் போட்டேன். கைகளை நீட்டி, "மூஞ்சி கெழவி, கை குமரியா?" என்றாய். அதற்கும் போட்டேன். உன் கன்னத்திலிருந்து விரலை எடுத்ததும், நான் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்த முகம் எதிரே இருந்தது.

"என்ன, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கட்டி" என்றேன்.

கம்பளியை முக்காடாகப் போட்டுப் பனிக்குள் இறங்கி, அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"வாங்க ஆச்சி, எங்கிருந்து வாரீய?" என்றாள் அடுத்த வீட்டு எஸ்தர்.

"மேல் டிவிசன்லேருந்து வாரேன் தாயி. பக்கத்து வீட்டுப் புள்ளைய பாக்கணும். அவ அம்மைக்கு நான் சொந்தம்." குரல் கூட உன்னுடையதாக இல்லை.

உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொந்தம்னா சொல்லலாம். அவளுக்கு வயித்துல கட்டி ஆச்சி. அடுத்த மழையப் பாக்க மாட்டாளாம்."

"வாய மூடுதியா நீ?" என்றான் அவள் புருஷன்.

"நீங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனீய! அவளுக்குத் தெரியாது ஆச்சி, சொல்லிராதீய."

லயத்துச் சுவர் எதையும் மறைக்காது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதே கிழட்டுக் குரலில் கேட்டாய்: "அவ புருசன் எப்பிடி?"

"தங்கமான மனுசன். சோறு வைக்கத்தான் தெரியாது. அன்னைக்கு வச்சத எங்க கோழியே தொடல."

நீ சிரித்தாய். கிழவியாகவே சிரித்தாய்.

திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாய். "மெதுவா உரிங்க" என்றாய். ரப்பருக்கு அடியில் கன்னம் நனைந்திருந்தது. வேர்வை என்றாய். "அது நாந்தான்னு அவகிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா அந்தப் புள்ள செத்துரும்." அதைத் தவிர அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாள் என்னை அடுப்படியில் நிறுத்திச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தாய்.

திருவிழாவில் நீ எனக்குப் போட்ட கிழவன் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னே போய்விட்டாய்.

இன்றும் என் சோற்றை நானே வடிக்கிறேன். என் முகத்தில் இப்போது இருப்பது அசல் மடிப்பு. உன்னை நினைத்தால் சில நாள் குமரியாக வருகிறாய், சில நாள் என் வயதுக்காரியாக. இரண்டாவது முகம் என் கை செய்தது, ஆனாலும் அதுதான் எனக்குத் துணை.

எஸ்தரின் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. அவள் மகனோடு அதே லயத்தில் இருக்கிறாள். நான் இங்கே புறப்படும் முன் கேட்டாள்: "அண்ணே, அந்த மேல் டிவிசன் ஆச்சி, ஒங்க வீட்டுக்காரி சாவுக்குக்கூட வரலியே. அப்பிடி என்ன சொந்தம்?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

அன்று அந்த வாசலில் உன்னோடு உட்கார்ந்தவர்களில், இன்னும் இருப்பது எஸ்தர் ஒருத்திதான்.