வயிற்றில் தையல் இல்லை

புக்கிட் மேரா
5.2.1984

மாதாவின் அடைக்கலத்தில் இருக்கும் என் அன்பு அத்தானுக்கு,

ரூபி எழுதுவது. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கிறிஸ்மஸ் லீவு முடிந்து நீங்கள் சவூதிக்குத் திரும்பியதிலிருந்து ஒரு வரி இல்லை. கோபம் எதற்கென்று தெரியும். நீங்கள் இங்கே இருந்த நாளெல்லாம் நான் மூத்தவள் ஜோசபின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். "என்னைப் பிடிக்கலையா?" என்று ஏர்போர்ட்டில் கேட்டீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள், எப்படிச் சொல்வேன்?

பிடிக்காமல் இல்லை அத்தான். சின்னவன் பிறந்ததிலிருந்தே அடிவயிறு கனக்கும். இப்போது கர்ப்பப்பையே இறங்கிவிட்டது. ஸ்கூல் கேன்டீனில் சோற்றுப் பானையைத் தூக்கினால் வெளியே வந்துவிடும். கக்கூசுக்குள் போய்க் கையால் உள்ளே தள்ளி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மறுபடி வந்து நிற்பேன். பூசையில் கதவோரம் உட்காருவதும் இதனால்தான். நீங்கள் பார்த்து முகம் சுளித்துவிட்டால் என்று பயந்தேன்.

அடுப்பை அணைக்க எழுந்து போனேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. மனம் இப்படித்தான் இருக்கிறது.

எதிர்வீட்டுக் கதீஜா அக்காதான் கண்டுபிடித்தது. லிப்டு ரிப்பேர். படியில் நான் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கும் இதே தொல்லை, போன வருஷம் ஆபரேஷனாம். "வயித்துல கத்தியே வைக்கல லா ரூபி. கீழ வழியாவே எடுத்துத் தச்சு விட்டாங்க. இப்ப தேக்கா மார்க்கெட்ட ரெண்டு சுத்து சுத்துறேன்" என்றார். அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

முதலில் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பிறகு சீன டாக்டரம்மா சொல்லச் சொல்ல, நர்ஸ் சந்திரமதி தமிழில் விளக்கினார். பிள்ளை வந்த வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த இடத்தை இழுத்துத் தைப்பார்களாம். மார்ச் முதல் வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். நான் போகப்போகிறேன். வேண்டாமென்று எழுதாதீர்கள். கர்ப்பப்பை போன பிறகும் நான் உங்களுக்குப் பெண்டாட்டியாக இருக்க முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன். அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
ரூபி


புக்கிட் மேரா
18.3.1984

அன்பு அத்தானுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் கதீஜா அக்கா வீட்டுக்குப் போன் போட்டீர்களே, சவூதியிலிருந்து போன் என்றதும் ஓடினேன். என் கடிதம் கிடைத்தது என்றீர்கள். பிறகு, "ரொம்ப வலிக்குதா ரூபி?" என்றீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது. பாதியில் வைத்துவிட்டேனே என்று தப்பாக நினைக்காதீர்கள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்னுடையதாகவே இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. சந்திரமதி என் கையை விடவில்லை. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சிறுநீருக்கு வைத்த குழாயை எடுத்த பிறகு அது தானாகப் போகவேண்டும் என்றார்கள். போகும்வரை வார்டில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். போனதும் பக்கத்துப் படுக்கை மலாய்க்காரம்மா கை தட்டினார்.

கனம் போய்விட்டது. இன்னும் நம்பாமல் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன்.

டாக்டரம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டேன். சந்திரமதி இங்கிலீஷில் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டேன். ஆறும்வரை தள்ளி இருக்கணும், பிறகு பழையபடி இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

பாரம் தூக்கக்கூடாது, அதனால் கேன்டீனுக்குப் போகவில்லை. ஜோசபின்தான் சமைக்கிறாள், உப்பு ஒருநாள் இருக்கும் ஒருநாள் இருக்காது.

ஈஸ்டருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். அதற்குள் உடம்பு ஆறிவிடலாம். பயம் ஆற இன்னும் நாளாகலாம். அதுவரை பக்கத்தில் சும்மா படுத்திருங்கள், அத்தான். அந்த வெயிலில் மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்
ரூபி