பக்கத்துக் கட்டில் வலியுல்லா

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, மாசி 1947

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு, நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? நான் எழுந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன், கலங்காதே.

மூத்திரப்பையில் புற்றுக்கட்டி, அறுத்தெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் ஊருக்கு ஓடிவர மூட்டை கட்டினேன். அதே ஆபரேஷன் முடிந்து பக்கத்துக் கட்டிலில் இருந்த தையற்காரர் வலியுல்லா, தன் அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினார்.

"எங்க ஓடுறே நைனா? நோவும் கூடவே வரும். குழாய் வைப்பாங்க, ரத்தமா வரும், அப்பால தெளியும். நான் இங்கதான் கீறேன்."

மூட்டையைப் பிரித்தேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது குழாயில் ரத்தம்தான் வந்தது. வலியுல்லா என் கையை விடவேயில்லை. நேற்றுதான் தெளிந்தது. "பாத்தியா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

மெல்லிய பழைய வேட்டி இரண்டு வேண்டும். தபாலில் வேண்டாம், நீயே கொண்டுவா. வலியுல்லா இன்று வீட்டுக்குப் போகிறார். தபாலில் போட இக்கடிதத்தை வாங்கிக்கொள்ள நிற்கிறார், முடிக்கிறேன்.

உன் இசக்கிமுத்து