ஐங்கரனின் ஆபரேஷன் பற்றி அப்பா எழுதுவது

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
21.8.1988

அன்பு மகள் அருந்ததிக்கு,

நானும் அம்மாவும் சுகம். லண்டனில் உங்கள் மூவரின் சுகத்தையும் தண்ணீர்மலை முருகன் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் நீ பேசியதில் பாதி அழுகையில் போய்விட்டது, மீதியை அம்மா ரிசீவரைப் பிடுங்கிக் கேட்டுக்கொண்டாள். பேரனுக்குச் சீனியில் கோளாறு என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் நடக்கிற கூத்தை உனக்குச் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டு நல்லம்மாள் பாகற்காய் வற்றல் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா வெந்தயத்தை வறுத்துப் பொடித்து, நீ சாப்பிட்டால் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று டின்னில் அடைத்துப் பார்சலே கட்டிவிட்டாள். நல்ல வேளையாக என்னிடம்தான் தபாலில் சேர்க்கக் கொடுத்தாள், என்ன என்று பார்த்து நிறுத்திவிட்டேன். பத்தொன்பது வருஷமாக என் வியாதியோடு குடித்தனம் நடத்தியதில், சீனி என்றாலே குறைக்க வேண்டிய சாமான் என்று இவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குச் சுரக்காத இன்சுலின் அந்தப் பிள்ளைக்கு அளவில்லாமல் சுரக்கிறது, இரத்தத்தில் இருக்கிற சீனியை நிற்க விடாமல் இழுத்துவிடுகிறது, அவனுக்கு அது ஏற வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "பங்கு பிரிக்கிறப்போ கடவுள் தப்புப் பண்ணிட்டாருலா" என்றாள்.

புதன்கிழமை மருமகன் குலசேகரத்தின் கடிதம் கிடைத்தது. நீ சொல்லாமல் விட்டதையெல்லாம் அவர் விவரமாக எழுதியிருக்கிறார். பத்து ராத்தலில் பிள்ளை பிறந்தான் என்று இங்கே நாங்கள் போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டோம், அந்தப் பருமனே இந்த நோயால் வந்தது என்று யாருக்குத் தெரியும். இரண்டாம் நாள் வலிப்பு, அதன் பிறகு கழுத்து வழியாக ஏற்றிய சீனித் தண்ணீர், மணிக்கணக்குப் பார்த்துப் பால், குதிகாலில் ஊசி குத்திக் குத்திப் பரிசோதனை. கொடுத்த மருந்தில் நெற்றியிலும் முதுகிலும் முடி வளர்ந்ததே தவிரச் சீனி நிற்கவில்லை. போன மாதம் மறுபடி இரண்டு தடவை வலிப்பு. இனியும் விட்டால் மூளைக்குச் சேதம், கணையத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கிற ஃபாரத்தை ஒன்பது நாளாக நீ கைப்பையில் வைத்திருக்கிறாயாம். வெட்டியபின் என்றைக்காவது அவனுக்கு நீரிழிவு வரலாம், ஊசி போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, "என் அப்பாவைப் போல ஆகிவிடுவானா?" என்று நீ கேட்டதையும் மருமகன் எழுதியிருக்கிறார். அவரைக் கோபிக்காதே, வேறு வழியில்லாமல் எழுதியிருக்கிறார்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனம் நொந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கால் விரல் இரண்டை எடுத்தபோது மூன்று மாதம் புண்ணைக் கழுவிக் கட்டியவள் நீ. பயப்பட உனக்கு உரிமை உண்டு. அதனால் உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன், போன வருஷம் நீ வயிற்றில் பிள்ளையோடு இருந்ததால் சொல்லவில்லை. கந்த சஷ்டி விரதத்தின்போது வழக்கம் போலக் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டேன். மருந்து சாப்பாட்டில் சேராது, ஊசியால் விரதம் முறியாது என்பது என் புத்திசாலித்தனம். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். ஜெலுத்தோங் பாசாரில் பூ வாங்க நின்றபோது முதலில் வியர்த்தது. பூக்காரி பேசுவது காதில் விழுந்தது, அர்த்தம் பிடிபடவில்லை. யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. அம்மாவின் பெயரை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கூப்பிடுகிற பெயர். சீனி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அது தெரிந்தும் நாக்கு எழும்பவில்லை. விழுந்துவிட்டேன். குடித்திருக்கிறான் என்று சிலர் விலகிப் போனார்களாம். அங்கே பலகாரக் கடை வைத்திருக்கும் ரொஸ்னா என்ற மலாய்க்காரப் பெண்ணின் தாய்க்கும் இதே வியாதி, அவள்தான் டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பாலைக் கரைத்து என் தலையைத் தூக்கிப் பிடித்து, "மினும்லா அங்கிள், மினும்லா" என்று கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தாள். அன்று முழுவதும் எனக்குத் தலை தெளியவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீனி கூடுவதும் எனக்குத் தெரியும், குறைவதும் தெரியும். கூடினால் தாகம் எடுக்கும், அலுப்பாக இருக்கும், டாக்டரிடம் போக நேரம் இருக்கும், விரல் போனதுகூட என் பல வருஷத்து அலட்சியத்தால்தான். குறைந்தால் நிமிஷக் கணக்கு. அறுபத்தொரு வயதுக்காரனுக்கே வாய் திறக்கவில்லை என்றால், ஐந்து மாதப் பிள்ளை யாரிடம் என்னவென்று சொல்வான்? ஐங்கரனுக்குள் என்ன நடக்கிறது என்று நம் குடும்பத்தில் அறிந்தவன் நான் ஒருவன்தான். அதை இனி ஒரு நாளும் அவன் அனுபவிக்க வேண்டாம் பிள்ளை. ஆபரேஷன் முடிந்து நீரிழிவு வந்தால் நான் வருகிறேன், ஊசி போடுவது எப்படி என்று உனக்கும் மருமகனுக்கும் காட்டித் தருகிறேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாயிற்று, காது இரண்டும் தெரியும்படி. அம்மாவும் வருவேன் என்கிறாள், வெந்தயம் இல்லாமல் வருவதென்றால் வரட்டும்.

உன் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஃபாரத்தில் கையெழுத்துப் போடு, அதற்கு முன் ஏதாவது சாப்பிடு, குரலைக் கேட்டாலே நீ சாப்பிடுவதில்லை என்று தெரிகிறது. போட்டதும் ஒரு தந்தி அடி, இரண்டு வார்த்தை போதும். முருகன் உன் பிள்ளையைக் காப்பான், டாக்டர்மாரின் கைக்கும் துணை நிற்பான். என்னைப் போல ஆனால் ஆகட்டும். எட்டு விரலோடு அறுபத்தொரு வயது வரை நடந்து, ஒரு மகளைப் பெற்று, அவள் வாயால் இப்படி ஒரு பேச்சும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
விநாசித்தம்பி