கொரெல்லாவில் ஏறிப் போன உங்கம்மா

ஹட்டன்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் ஷாமிலாவுக்கு,

அப்பா எழுதுறேன். மாதாவோட தயவுல இங்க நாங்க மூனு பேரும் நல்லபடியா நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் அந்தக் குளிர் ஊருல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு செபமாலை சொல்றப்போ உன் பேரைத்தான் மொதல்ல சொல்றோம். ரெண்டு ஞாயிறா நீ ஃபோனை எடுக்கல, மெசேஜ்ல சுகம்னு ஒரு வார்த்தை மட்டும் போடுற. அதனாலதான் பேனாவை எடுத்தேன். நம்ம கடைக்கார ராசிக் நானாவோட மக ஸில்மியா செவ்வாய்க்கிழமை மெல்பர்னுக்குப் படிக்கத் திரும்பிப் போகுது, அது கையில இதைக் குடுத்து அங்கயிருந்து தபால்ல போடச் சொல்லியிருக்கேன். கூட ரெண்டு பாக்கெட் தேத்தூளும் ஒரு ஸ்வெட்டரும் இருக்கு. கருவாடு வேணும்னு உங்கம்மா அடம் பிடிச்சா, ஏர்போர்ட்டுல புடிச்சு வச்சிக்குவாங்கன்னு ஸில்மியா கையெடுத்துக் கும்பிட்டதால அதை வெளிய எடுத்து வச்சிட்டோம். ஸ்கூல் வாசல்ல வேனை நிப்பாட்டிட்டு ஸ்டியரிங் மேல அட்டையை வச்சு எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா கோவிச்சிக்காத.

இங்க மழை விட்டபாடில்ல. உன் தம்பி ஜெரோமி கினிகத்தேனையில அந்த ஃபோன் கடையிலதான் இருக்கான், வாரத்துல ஒரு நாள் வர்றான், வந்தாலும் உன்னைப் பத்தித்தான் கேக்குறான். நம்ம அடுத்த வீட்டு மீனம்மா அக்காவுக்குப் போன மாசம் நெஞ்சு வலி வந்துருச்சு. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் அடிச்ச புள்ள, தோட்டத்து வாசல்ல இப்ப புதுசா மாட்டியிருக்கிற பலகையைப் பாத்து அந்தப் பேரைச் சொல்லிருச்சு. அந்தப் பேரு அந்த டிரைவருக்கும் தெரியல, அவரு வழியில வண்டியை நிப்பாட்டிக் கேட்டவங்களுக்கும் தெரியல. எல்லாரும் சொல்ற மாதிரி தொப்பித்தோட்டம்னு சொல்லியிருந்தா சின்னப் புள்ளையும் கை காட்டியிருக்கும். கடைசியில நான் வேனுலயே தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்ப நல்லா இருக்காங்க, உப்பு சேக்க வேணாம்னா கேக்காம ஊறுகாயைத் தொட்டுக்குறாங்க.

மகள், எனக்கு உக்காந்தா உக்கார முடியல. நீ கடைசியா பேசுன அன்னையிலருந்து இப்பிடித்தான். சோத்துல கையை வச்சிட்டு எந்திரிச்சுப் போய் வேன் டயரைத் தட்டிப் பாக்குறேன், வந்து உக்காந்தா எதுக்குப் போனேன்னு தெரியல. நீ அன்னைக்குச் சொன்னதை நான் புரிஞ்சிக்கிட்டது சரியான்னு பாரு. உங்க கம்பெனி புது விமானம் ஒன்னு விக்கப் போகுது, ஹொரைசன்னு பேரு வச்சிருக்காங்க, எல்லாமே புதுசுன்னு புஸ்தகம் அடிக்கிறாங்க. ஆனா அதோட வாலு பழைய கொரெல்லா விமானத்தோட அதே வாலு. மெக்கானிக்மாருக்கு எழுதுற புஸ்தகத்துல நீ அந்தப் பழைய பேரைப் போட்டிருந்தே, ஒனக்கு மேல உள்ளவரு அதை எடுத்துருன்னுட்டாரு. வர்ற மாசம் நடக்கிற பெரிய கூட்டத்துல எந்திரிச்சு இதைச் சொல்லவா வேணாமான்னு நீ கேட்டே. உங்கம்மா ஃபோனை என் கையிலருந்து புடுங்கி, ஒன் விசாவே அவங்க கையில இருக்கு, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருன்னு சொன்னா. நீ கட் பண்ணிட்டே. நான் பக்கத்துல நின்னேன், ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல. எனக்கு அப்ப எது சரின்னு தெரியல, அதுதான் உண்மை.

போன வாரம் ராசிக் நானா கடைக்குப் போனப்போ அவரு ஒன்னு சொன்னாரு. கொத்மலையில ஒரு ஹோட்டலுக்கு அவருதான் சாமான் குடுக்குறாரு, சனிக்கிழமை காலையில வெளிநாட்டுக்காரங்களை ஏத்திக்கிட்டுத் தண்ணியில எறங்குற பிளேன் அங்க வருதுன்னாரு. நீ போன வருசம் ஃபோட்டோ அனுப்பி, அப்பா நம்ம கொரெல்லா உங்க ஊருக்கே வந்துருச்சுன்னு எழுதியிருந்தியே, அந்தப் பிளேன்தான். என் மக வேலை செய்யிற சாமானை ஒருக்கா கண்ணால பாத்துருவோம்னு முடிவு பண்ணுனேன். உங்கம்மா நானும் வர்றேன்னு முன்னாடியே வேன்ல ஏறிட்டா. போற வழியெல்லாம் நீ எனக்குச் சொன்ன கதையை அவளுக்குச் சொல்லிக்கிட்டே போனேன். உங்க கம்பெனியை ஆரம்பிச்ச பெல்லாமி அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஆட்டு ரோமம் வெட்டுற கொட்டகையில மொத விமானத்தைக் கட்டுனது, நாலு பேரு உக்கார்றது, அதுக்கு அவங்க வளத்த நாயோட சாதிப் பேரையே கெல்ப்பின்னு வச்சது. அடுத்து ஒம்பது சீட்டு விமானத்துக்கு அண்ணங்காரன் தன் சம்சாரத்துப் பேரை டொரோத்தின்னு வைக்கப் போக, அந்தம்மா, டொரோத்தி சக்கரம் ஒடஞ்சிருச்சு, டொரோத்தியில எண்ணெய் ஒழுகுதுன்னு ஊரெல்லாம் பேசவான்னு சண்டை புடிச்சு, கடைசியில சீட்டுக் கணக்கையே பேராக்கி வெறும் நைன்னு ஆனது. உங்கம்மா அதுக்குச் சிரிச்சா பாரு, ரெண்டு வாரத்துல அன்னைக்குத்தான் சிரிச்சா. மூனாவது பன்னெண்டு சீட்டு. அங்க கூட்டம் கூட்டமா பறக்குமாமே வெள்ளைக் கிளி, அதோட பேரு கொரெல்லா. சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் நம்ம ஹட்டன் பஸ்ஸு மாதிரி காலையில போயி அந்திக்கு வந்துச்சாம். அப்பறம் வாலு சேர்ற எடத்துல போல்ட்டு ஒன்னு ஆடி ஆடித் தேஞ்சு ஒரு விமானம் வயல்ல விழுந்து பைலட்டும் ஒரு டீச்சரம்மாவும் செத்துப் போனது, போல்ட்டைப் பெரிசாக்கி எல்லாத்தையும் திருத்துனது, அப்பவும் கொரெல்லான்னா யாரும் ஏற மாட்டேன்னதால டுவெல்வ் ஈன்னு பேரை மாத்துனது. உங்கம்மா சிரிப்பு நின்னுருச்சு. திருத்திட்டாங்கல்ல, அப்பறம் எதுக்கு இவ பழசைக் கிண்டுறான்னு கேட்டா.

கொத்மலை கொளத்துக் கரையில ரொம்ப நேரம் நின்னோம். பனி வெலகுனதும் மலை இடுக்குலருந்து வந்துச்சு, எறங்கப் போகும்போது காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு, தண்ணியைத் தொடாம மறுபடி மேல ஏறிருச்சு. உங்கம்மா என் கையைப் புடிச்சதுல நகம் பதிஞ்சிருச்சு. சுத்தி வந்து ரெண்டாவது தடவை வாத்து மாதிரி அழகா எறங்குச்சு. வெள்ளைக்காரங்க எறங்கிப் போனதும் நான் துணிஞ்சு பைலட்டுகிட்ட போனேன். சிங்கள ஆளு, ஜெரோமியை விடக் கொஞ்சம் மூத்தவரா இருப்பாரு. சிங்களத்துல சொன்னேன், இதைக் கட்டுன எடத்துலதான் என் மக இஞ்சினியரா இருக்குன்னு. மொதல்ல நம்பல, உன் ஃபோட்டோவைக் காட்டுனதும் மனுசன் தொப்பியைக் கழட்டிட்டாரு. நான் வாலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், அவரு கவனிச்சிட்டாரு. அங்கிளுக்கு அந்தக் கதை தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்னேன். அவரு சொன்னாரு, பேப்பர்ல இது டுவெல்வ் ஈதான், ஆனா நான் தெனமும் காலையில மெக்கானிக்கிட்ட கொரெல்லா போல்ட்டைப் பாத்தியான்னுதான் கேப்பேன், அப்பிடிக் கேட்டாத்தான் அவன் பயந்து போல்ட்டு மூடியைத் தொறந்து நல்லாப் பாப்பான்னு. கொழும்புல புதுசா வந்த ஒரு மெக்கானிக் பையனுக்கு கொரெல்லான்னா என்னன்னே தெரியாம இருந்துச்சாம், அவன் மூனு நாளு அந்த மூடியைத் தொறக்காமலே சரின்னு சொல்லியிருக்கான். இவரே தொறந்து பாத்தப்போ போல்ட்டு லூசா இருந்துச்சாம். நல்ல வேளை, அன்னைக்கு ஒன்னும் ஆகல. உங்கம்மா பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா.

அப்பறம் நடந்ததை எழுதுறதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அவரு அடுத்து காசல்ரீ கொளத்துக்கு ஆளில்லாம போறாரு, அங்கயிருந்து ஆளுங்களை ஏத்தணும். சீட்டுல எல்லாம் அங்க எறக்க வேண்டிய ஹோட்டல் துணி மூட்டை, ஒரே ஒரு எடம் காலி. ஆபீசுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு, அங்கிள் வர்றீங்களான்னு கூப்பிட்டாரு. நான் வேனை எங்க விடுறதுன்னு யோசிச்சு வாயைத் தொறக்கிறதுக்குள்ள உங்கம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு பிளேனுக்குப் போட்ட பலகையில நடந்து போயிட்டா. வேன்ல முன் சீட்டுலயே உக்கார மாட்டேன்னு சொல்றவ, மகள். ஏய் தெரேசான்னு கத்துனேன். அவ திரும்பிப் பாத்து, நீங்க ரோட்டுல வாங்கன்னா. கதவைச் சாத்திட்டாங்க. தண்ணியைக் கிழிச்சிக்கிட்டு எந்திரிச்சு மலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு.

நான் வேனை எடுத்த எடுப்புல தலவாக்கலை வரைக்கும் எப்பிடி வந்தேன்னு தெரியாது. முப்பது வருசம் பஸ்ஸு ஓட்டுன கை, அன்னைக்கு கியர் விழ மாட்டேங்குது. ஃபோன் அடிச்சா சிக்னல் இல்ல. கொட்டகலையில ரயில் கேட்டை சாத்திட்டான், எறங்கி நின்னு வானத்தைப் பாக்குறேன், காக்கா ஒன்னு பறந்தாக் கூட நெஞ்சு அடிக்குது. இந்தப் போல்ட்டை எவன் பாத்தானோ, தொறந்து பாத்தானா தொறக்காமலே பாத்தேன்னானான்னு அதே நெனப்பு. இத்தனை வருசம் நீ செய்யிற வேலை என்னன்னு யாராவது கேட்டா பிளேன் கட்டுறான்னு பெருமையா சொல்லுவேன். உங்க சாமான்ல ஏறுன ஆளுக்காகக் கீழ ஒருத்தன் நின்னு காத்துக் கெடப்பான்னு எனக்கு அந்தக் கேட்டுலதான் ஒறச்சிச்சு.

டிக்கோயா தாண்டி கொளத்துக் கரைக்கு எறங்குனா, உங்கம்மா ஒரு கடை வாசல் பெஞ்சுல உக்காந்து பணிஸ் தின்னுக்கிட்டு இருக்கா. சுத்தி நாலு பொம்பளைங்க வாயைப் பொளந்து கதை கேக்குறாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல, ஆனா கிட்ட போனதும் பக்கத்துல உக்காந்துட்டேன். அவளே சொன்னா. மேல இருந்து பாத்தா தோட்டமெல்லாம் பச்சைத் துணி போட்டுத் தச்ச மாதிரி இருக்காம், லயத்து வீடெல்லாம் தீப்பெட்டியாம், அவ உக்காந்த சீட்டுல தையல் விட்டிருக்காம், அதையும் ஒன்கிட்ட சொல்லச் சொன்னா. அப்பறம், ஒரு எடத்துல ரொம்ப ஆடுச்சுங்க, மாதாவைக் கூப்பிட வாயெடுத்தேன், வரல, அந்தப் பைலட்டுத் தம்பி காலையில போல்ட்டைப் பாத்திருப்பாருங்கிற நெனப்புத்தான் வந்துச்சு, அதைத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா. வேன்ல ஏறுனப்பறம், அவளைப் பேசச் சொல்லுங்க, நான் சொன்னதா சொல்லுங்கன்னா. விசா போனா என்ன பண்றதுன்னு நான் கேட்டேன். வீடு இங்கதானே இருக்குன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அவளுக்குப் பயம் போயிருச்சுன்னு நெனைக்காத. நேத்தும் மாவைப் பெசஞ்சு வச்சிட்டு ரொட்டி சுடாம நின்னுக்கிட்டு இருந்தா, என்னன்னு கேட்டா ஒன்னுமில்லன்னா.

அதனால மகள், நானும் சொல்றேன், பேசு. சண்டை போடுற மாதிரி இல்லாம, நிதானமா, கொரெல்லாவுல செத்தவங்களை மறந்துட்டு இதை விக்கக் கூடாதுன்னு சொல்லு. அந்தப் பைலட்டு சொன்னதை வேணும்னா எடுத்துச் சொல்லு, அவருகிட்ட கேட்டேன், தாராளமா சொல்லச் சொன்னாரு, நம்பரும் குடுத்தாரு, பின்பக்கம் எழுதியிருக்கேன். தனியா போய் நிக்காத, உன் பக்கம் இருக்கிற ரெண்டு பேரைக் கூட்டிக்கோ. அன்னைக்கு வெறும் வயித்தோட போகாத, ஒனக்குக் கோவம் வந்தா அழுகையும் வரும், தண்ணி போத்தல் ஒன்னு கையில வச்சிக்கோ. வேலை போனா ஒடனே சொல்லிரு, எங்ககிட்ட மறச்சிக்கிட்டு அங்க ஒத்தையா கெடக்காத. ஸ்வெட்டர் கை கொஞ்சம் நீளம், உங்கம்மா மடிச்சுத் தச்சிருக்கா, பிரிச்சிராத.

பெல் அடிச்சிட்டான், புள்ளைங்க ஓடி வருதுக. ஆண்டவர் ஒன் கூடவே இருக்கட்டும், உன் நாக்குல அவரே நிக்கட்டும். அம்மா நெத்தியில சிலுவை போட்டு முத்தம் குடுத்ததா எழுதச் சொன்னா. ஒன்னு மட்டும் மறந்துராத, கூட்டம் முடிஞ்சதும் எங்களுக்கு ஃபோன் பண்ணு. பேசிட்டா பண்ணு. பேச முடியாமப் போயிருந்தாலும் பண்ணு.

உன் அன்பு அப்பா,
லோரன்ஸ்