சர்க்கரை ஒட்டாத ஏற்பி

அன்புள்ள கதிரவனுக்கு,

நலம்தானே? அத்தையின் முட்டிவலி குறைந்ததா? இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் நான் நலம். நேற்று நடந்ததை வாட்ஸ்அப்பில் சொன்னால் உடனே கூப்பிட்டு, "அழுதியா?" என்பீர்கள், அதனால் கடிதம்.

கருமுட்டையை வளரச் சொல்லும் ஹார்மோனை வாங்கிக்கொள்ள, செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்ற புரதம் உண்டு. அதில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். நேற்று எங்கள் லேபில் அவை ஒட்டாதபடி செய்து பார்த்தோம். ஏற்பிகள் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிட்டன. வெளியே ஹார்மோன், வாங்க ஆளில்லாமல் காத்திருந்தது.

எதிர்பார்த்த முடிவுதான், எல்லோரும் கைதட்டினார்கள். உடன் வேலை செய்யும் ரக்ஷனா, "அக்கா, ரிசல்ட் சூப்பர் லா, எதுக்கு கண்ணைத் துடைக்கிறீங்க?" என்றாள். ஏசி என்றேன்.

அத்தையிடம் இந்த ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டாம். "அப்ப நம்ம வீட்டுக்கு ஒரு குழந்தை எங்கே?" என்பார். மருமகள் சிங்கப்பூரிலும் மகன் திருச்சியிலும் இருப்பது அவர் கணக்கில் வராது.

லேப் குளிர்கிறது. உங்கள் நீல முழுக்கைச் சட்டை வேண்டும். துவைக்க வேண்டாம், இங்கே மெஷின் இருக்கிறது. பார்சல் செலவு அதிகம் என்கிறார்கள். லீவு கிடைத்தால் போட்டுக்கொண்டே வந்துவிடுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

தாமரை