சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்த நிலம்

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? போகும்போது பிரஷர் மாத்திரையை இங்கேயே விட்டுவிட்டீர்கள். இத்துடன் அனுப்பியிருக்கிறேன், தேவைப்படும்.

கனிமம் தேட நான் வடிவமைத்த டிரில்லுக்காக உங்கள் கம்பெனியோடு சேர்த்து மூன்று கம்பெனிகள் கைகோத்த அன்று, கூட்டத்தில் என்னைக் காட்டி, "என் வைஃப். படம் வரைஞ்சு கொடுத்தா, அவ்வளவுதான்" என்றீர்களே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

துளைமுனையில் மண்ணைக் கழுவித் தள்ள நான் விட்டிருந்த தண்ணீர் வழிகளை அடைத்ததும் நீங்கள்தான். "பாறையில வெண்ணெய் மாதிரி இறங்குது, இன்னும் என்ன?" என்றீர்கள். களிமண் வந்தால் முனையில் அப்பிக்கொண்டு நின்றுவிடும் என்றேன். "உன் வேலையைப் பாரு" என்றீர்கள்.

பார்த்தேன். கூட்டாளிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். நாளைய சோதனைக்கு இடம் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அருமையான இடம். மேலே புல், அடியில் கெட்டிக் களிமண், அதற்கும் கீழேதான் நாம் தேடும் செம்பு. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது டிரில் லாரி ஏறியிருக்கும். முனையை மாற்ற நேரமிருக்காது. அன்று கூட்டத்துக்குப் போட்ட அந்த வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள், உங்களுக்கு எடுப்பாக இருக்கும். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"ஏன் சார் நின்னுபோச்சு?" என்று கேட்பார்கள். தயவுசெய்து என் பக்கம் கை காட்டாதீர்கள். நான் படம் வரைந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் வைஃப்